எழுதுங்கோ, நான்தான் கொலைகாரன்

டெலிபோன் அடித்தது.

பதினாறு தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அந்த மணி எல்லார் காதிலும் விழுந்தது. ஒபர்வில்லியே என்ற பிரெஞ்சுப் புறநகரில் இருந்த அந்தப் பட்டறைக்குக் காலை பத்து மணிக்கு டெலிபோன் வந்தால் ஒன்று துணி வரவில்லை... அல்லது யாரோ பிடிபட்டுவிட்டார்கள்.

முதலாளி ரொபேர் எடுத்தார். கேட்டார். முகம் சுருங்கியது.

“இம்மாகுலேற்... பொலிஸ். உனக்குத்தான்.”

இம்மாகுலேற் எழுந்தாள். முப்பத்தாறு வயது. குருநகர்க்காரி. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு தூதரகக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்க்க வந்து, அந்தப் பிள்ளைகளிடமே பிரெஞ்சு படித்தவள். மாதத்தில் இரண்டு மூன்று தடவை பொலிஸ் அவளைக் கூப்பிடும். பிடிபட்ட தமிழன் பேசுவதை அவள் பிரெஞ்சில் சொல்ல வேண்டும்.

“மதாம், உடனே வாருங்கள். ஒரு தமிழன் கொலை செய்திருக்கிறான்.”

“யாரை?”

“மார்செலை. குதிரை முற்றத்துக் காவல்காரர்.”

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் மேசையில் விழுந்தது.

லா ஷப்பல் வட்டாரத்தில் மார்செலைத் தெரியாத தமிழன் இல்லை.

சென் தெனிக்குப் போகும் பழைய பாதையில், முன்னூறு வருடங்களுக்கு முன் தபால் வண்டிகளுக்குக் குதிரை மாற்றிய லாயம் ஒன்று இருந்தது. கல் சுவர். கல் படி. மேலே வைக்கோல் பரண். நகரசபைக்குச் சொந்தமான அந்தக் கட்டடத்தைக் காவல் காத்தவர் மார்செல், எழுபத்தொரு வயதுக் கிழவர். பரணைத் தடுத்து அறைகளாக்கி முப்பத்தொரு தமிழ் ஆண்களுக்கு இடம் கொடுத்திருந்தார். நகரசபை காணாததுபோல் இருந்தது.

இந்த 1986 நவம்பர் வரை.

இப்போது சபையில் ஒரு பிரேரணை. பழமைச் சின்னம் என்ற காப்பை நீக்குவது. லாயத்தை இடிப்பது. அந்த நிலத்தைப் பூங்காவுக்கு ஒதுக்குவது. வாக்கெடுப்பு வியாழக்கிழமை.

இன்று புதன்.

மார்செல் செத்தது செவ்வாய்.

இன்ஸ்பெக்டர் ரேமண்ட் பருமனான மனிதர். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்.

“நேற்றுப் பகல் இரண்டு மணி. கற்படியின் அடியில் கிடந்தார். மண்டை உடைந்திருந்தது. பூங்கா வேண்டாம் என்று நானூறு பேரிடம் கையெழுத்து வாங்கி ஒரு புத்தகம் வைத்திருந்தார். அதைக் காணவில்லை.”

“இரண்டு மணியென்று எப்படித் தெரியும்?”

“எதிர் வீட்டு ஜெர்மேன் அம்மா. சத்தம் கேட்டு ஜன்னலால் பார்த்தாராம். ஒரு தமிழன் படியிறங்கி ஓடினானாம். அப்போது தேவாலய மணி இரண்டு அடித்ததாம்.”

“எந்தத் தமிழன்?”

“அவருக்கு எல்லாத் தமிழரும் ஒன்றுதான். ஆனால் எங்களுக்குச் சிரமமே இல்லை, மதாம். காலையில் போய் ஆட்களை வரிசையில் நிறுத்தினோம். கேள்வி கேட்க முன்னமே ஒருவன் முன்னால் வந்து ‘நான்தான்’ என்றான்.”

கதவு திறந்தது.

கைவிலங்கோடு உள்ளே வந்தவனை இம்மாகுலேற்றுக்குத் தெரியும்.

தவரத்தினம்.

இருபத்தொன்பது வயது. வேலணை. உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். மனைவி கோசலை, ஒரு கைக்குழந்தையோடு மண்டபம் முகாமில்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை... மெற்றோப் பாலத்துக்கு எதிரே இருந்த கஃபேயில், அவளுக்கு முன்னால் இருந்தவன் அவன்தான். அகதி அலுவலகத்தின் கடைசிக் கடிதத்தை அவள்தான் அவனுக்கு வாசித்துச் சொன்னாள்.

*நிராகரிக்கப்பட்டது. பதினைந்து நாட்களுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.*

அவன் அழவில்லை. அந்தக் கடிதத்தை நாலாக மடித்தான், விரித்தான், மடித்தான். மூன்று மணி வரை அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

இவன் கொலை செய்யவில்லை என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

“தொடங்கலாம்,” என்றார் இன்ஸ்பெக்டர். மூலையில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இருந்த கறுத்த இளைஞன் தாளைச் செருகினான். நீக்கிலாஸ் என்று இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். பிரெஞ்சு ஆட்சியிலுள்ள மார்த்தினிக் தீவுக்காரனாக இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அப்படியான பொலிஸ்காரர்கள் நிறையப் பேர்.

“ஏன் கொன்றான் என்று கேளுங்கள்.”

அவள் தவரத்தினத்தின் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, என்ன வேலை பாத்திருக்கிறாய்? நேற்று நீ என்னோடையெல்லே இருந்தனி.”

“ஓம் அக்கா. அதை இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“விசரோ உனக்கு?”

“நான்தான் செய்ததெண்டு சொல்லுங்கோ. எழுதட்டும். கைச்சாத்து வைக்கிறன்.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “என்ன சொல்கிறான்?”

“தான்... தான்தான் செய்ததாம்.”

“அதைச் சொல்லவா இவ்வளவு பேச்சு?”

“தமிழ் கொஞ்சம் நீளமான மொழி, ஐயா.”

தட்டச்சு கடகடத்தது.

“எப்படிக் கொன்றான்?”

“எப்பிடிக் கொலை செய்தனியெண்டு கேக்கிறார்.”

தவரத்தினம் உதட்டை நக்கினான். “ஆள் எப்பிடிச் செத்ததாம் அக்கா?”

“நான் சொல்லமாட்டன்.”

“சுத்தியலாலை அடிச்சதெண்டு சொல்லட்டோ?”

“வாயை மூடு.”

“என்ன சொல்கிறான்?”

“யோசிக்கிறாராம், ஐயா.”

“படியடியிலை கிடந்ததெண்டு பெடியள் கதைச்சவங்கள்,” என்றான் தவரத்தினம் மெதுவாக. “அப்ப தள்ளித்தான் விட்டிருப்பன். சொல்லுங்கோ அக்கா. மேல் படியிலை நிண்டு தள்ளினன். சண்டை. கோவத்திலை.”

அவள் சொன்னாள். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். சரியான விடை.

“கையெழுத்துப் புத்தகம் எங்கே?”

“என்ன புத்தகம்?” தவரத்தினம் அவளைப் பார்த்தான். “அப்பிடியொண்டு இருந்ததோ? சரி... எரிச்சுப்போட்டன் எண்டு சொல்லுங்கோ.”

“எரித்துவிட்டாராம்.”

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்படியென்றால் வெறும் கோபம் இல்லை. திட்டம். இருபது வருடம் கிடைக்கும் என்று சொல்லுங்கள்.”

அவள் சொன்னாள்.

“இருபதோ?” தவரத்தினத்தின் கண் ஒருமுறை சிமிட்டியது. “நான் அஞ்செண்டு நினைச்சன்.”

“இப்பவாவது உண்மையைச் சொல்லு தம்பி.”

“இஞ்சை இருபது வருஷம் அக்கா. கொழும்பிலை பிளேனாலை இறங்கினா இருபது நாளும் இல்லை. அண்ணையைக் கொண்டுபோனவங்கள். தம்பியைக் கொண்டுபோனவங்கள். ரெண்டு பேரின்ரை சட்டைதான் வந்தது.” அவன் குரல் இறங்கியது. “மறியல் வீட்டிலை இருக்கிறவனை நாடு கடத்தேலாது. கடிதமெண்டாலும் எழுதலாம் கோசலைக்கு.”

அவள் நாற்காலியைத் தள்ளி எழுந்தாள்.

“தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், ஐயா,” என்றாள்.

நடைபாதையில் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள்.

பின்னால் காலடிச் சத்தம்.

“நல்லா நடிக்கிறீங்க மதாம். ஆனா அந்தத் தம்பி சுத்தமா தேறமாட்டாரு.”

தமிழ்.

அவள் திரும்பினாள். தட்டச்சுக்காரன் நீக்கிலாஸ் சுவரில் சாய்ந்து நின்றான்.

“நீங்க... நீங்க தமிழோ?”

“காரைக்கால். தாத்தா காலத்திலேருந்து சர்க்கார் உத்தியோகம். இங்க யாரும் கேக்கல, நானும் சொல்லல. சொல்லியிருந்தா உங்க வேலையும் சேத்து எந்தலைலதான் கட்டுவாங்க.”

அவள் குழாயை மூடினாள். “எல்லாம் கேட்டனீங்களோ?”

“எல்லாம். சுத்தியல்லேருந்து சட்டை வரைக்கும்.” அவன் சிரிக்கவில்லை. “பயப்படாதீங்க. நீங்க ஃப்ரெஞ்சுல சொன்னத மட்டும்தான் அடிச்சேன். ஆனா அடியில உங்க கையெழுத்தும் போடணும். பொய்னு தெரிஞ்சா நீங்க இங்க தங்கறதுக்கான கார்த்தும் போயிடும்.”

“நான் உண்மையைச் சொன்னா அவன் செத்துப்போவான்.”

“சொல்லலேன்னா?” நீக்கிலாஸ் குரலைத் தாழ்த்தினான். “வாக்குமூலம் முடிஞ்ச உடனே வேன் போகுது. கொலைகாரன் இருந்த இடம்னு சொல்லி மத்த முப்பது பேரையும் அள்ளிக்கிட்டு வரப் போறாங்க. காகிதம் பாப்பாங்க. எத்தன பேருகிட்ட சரியா இருக்கும்?”

அவள் கணக்குப் பார்க்கவில்லை. தெரியும். பத்துப் பேரிடம் இருந்தாலே அதிசயம்.

“இன்ஸ்பெக்டர் இப்ப சாப்பாட்டுக்குப் போவாரு. ரெண்டு மணிக்குத்தான் திரும்புவாரு. அதுக்குள்ள என்ன செய்யணுமோ செய்ங்க.”

“என்ன செய்யலாம்?”

“எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் மதாம் தட்டச்சு அடிக்கிறேன்?”

தெருவில் தூறல். இம்மாகுலேற் நடந்தாள். தலைக்குள் ஒரே ஒரு கேள்வி.

தவரத்தினம் அங்கே இல்லை. பரணில் இருந்த மற்றவர்களும் அந்த நேரம் வேலையில். இரண்டு மணிக்கு அந்த லாயத்தில் தமிழன் ஒருவனும் இல்லை.

அப்படியென்றால் ஓடின தமிழனை ஜெர்மேன் எப்படிப் பார்த்தாள்?

பார்க்கவில்லை.

மூன்றாம் மாடி. கதவைத் தட்டினாள்.

ஜெர்மேனுக்கு எழுபத்தெட்டு வயது. வலது மணிக்கட்டில் புதிய கட்டு. அறையில் ஒரு கட்டில், ஒரு வானொலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே லாயத்தின் கறுத்த சுவர். வானமும் தெரியவில்லை, கற்படியும் தெரியவில்லை.

“பொலிஸிலிருந்து வருகிறேன். மொழிபெயர்ப்பாளர்.”

“உட்கார், மகளே.”

“நீங்கள் தமிழன் யாரையும் பார்க்கவில்லை, மதாம்.”

கிழவி மறுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

“நாற்பத்தொரு வருடம்,” என்றாள். “போர் முடிந்த வருடம் இந்த அறைக்கு வந்தேன். நாற்பத்தொரு வருடம் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஒரு மரம் கேட்டேன். ஒரே ஒரு மரம். கடைசியில் நகரசபையே கொடுக்க வந்தது. மார்செல் குறுக்கே நின்றான்.”

“அவர் முப்பத்தொரு பேருக்கு வீடு கொடுத்தவர்.”

“தெரியும். நல்லவன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சீட்டாடுவான்.” அவள் கண் கலங்கியது. “அந்தப் புத்தகத்தைப் பறிக்கத்தான் போனேன். மேல் படியில் நின்றான். இழுத்தேன். அவனும் இழுத்தான். நான் விட்டேன்... அவன் விழுந்தான்.”

“பிறகு?”

“புத்தகம் அவன் கையை விட்டு விழுந்து கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன்.”

“அங்கே ஒரு நிரபராதி, தான்தான் கொன்றேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.”

“ஏன்?”

இம்மாகுலேற் சொன்னாள். கடிதம். பதினைந்து நாள். அண்ணன். தம்பி. சட்டை.

கிழவி மணிக்கட்டுக் கட்டைத் தடவினாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்:

“அப்படியென்றால் யாருக்கு நட்டம், மகளே? அவனுக்குச் சிறை வேண்டும். எனக்கு மரம் வேண்டும். இன்ஸ்பெக்டருக்குக் கோப்பை மூட வேண்டும். நீ ஏன் குழப்புகிறாய்?”

அந்தக் கேள்வியில் பிழை இருந்தது. எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பினாள்.

“இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள், மதாம். அவர்கள் ஒருவரும் சிறை கேட்கவில்லை.”

இரண்டு மணி.

இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. நீக்கிலாஸ் தவரத்தினத்தைக் கொண்டுவந்து இருத்திவிட்டுத் தட்டச்சு இயந்திரத்தைத் துடைப்பதுபோல் முதுகைக் காட்டி நின்றான்.

“தம்பி, கேள். நீ கைச்சாத்து வைச்சா மற்றப் பெடியளையும் அள்ளப்போறாங்கள். முப்பது பேரையும். இண்டைக்கே.”

தவரத்தினம் அவளையே பார்த்தான்.

“என்ரை அறையிலை இருக்கிற பொன்னம்பலம் அண்ணையையும் சேத்தோ?”

“அவரிட்டைக் கார்த் இருக்கு. இல்லாத ஆக்களை யோசி.”

அவன் தலையைக் குனிந்தான். கைவிலங்கு மேசையில் மெல்லத் தட்டியது.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே அக்கா.”

“எனக்கே இப்பதான் தெரியும்.”

“சரி. சொல்லுங்கோ அவருக்கு.” அவன் குரலில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. “எங்கை இருந்தனாங்களெண்டு சொல்லுங்கோ. நான் கோப்பி குடிக்கேல்லை எண்டதையும் சொல்லுங்கோ. கஃபேக்காரனுக்கு ஞாபகம் இருக்கும்.”

இன்ஸ்பெக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஐயா,” என்றாள் இம்மாகுலேற். “நேற்று இரண்டு மணிக்கு இவர் என்னோடு இருந்தார்.”

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

கஃபேக்காரன் வந்து ஆம் என்றான். ஜெர்மேன் அம்மாவை அழைத்து வந்தார்கள். அவள் தயங்காமல் சொன்னாள். புத்தகத்தை மெத்தைக்கடியிலிருந்து எடுத்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள். பாதிக்கு மேல் தமிழில்.

வேன் போகவில்லை. முப்பது பேரும் தப்பினார்கள்.

எழுபத்தெட்டு வயதுக்காரியைச் சிறையில் வைக்க நீதவானுக்கு மனம் வரவில்லை. விசாரணைவரை வீட்டுக்கு அனுப்பினார்.

அவளை வீட்டுக்கு... இவனை நாட்டுக்கு. பதினைந்து நாளில் பதினான்கு மிச்சம்.

இன்ஸ்பெக்டர் இம்மாகுலேற்றின் பக்கம் திரும்பினார். காலையில் எழுதிய தாள்களை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

“காலையில் உங்கள் மொழிபெயர்ப்பு அவ்வளவு நன்றாக இல்லை, மதாம். நான் அதைக் கேட்கவில்லை.”

“நன்றி, ஐயா. அந்தப் புத்தகத்தை நகரசபைக்குக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு வாக்கெடுப்பு.”

“முடியாது.”

“ஏன்?”

“அது சான்றுப் பொருள். அரக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. வழக்கு முடியும்வரை யாரும் திறக்க முடியாது. நானும்தான்.”

“அதற்காகத்தானே ஐயா ஒரு மனிதர் செத்தார்?”

இன்ஸ்பெக்டர் கோப்பை மூடினார். “சட்டம் அப்படி,” என்றார். அவருக்கே அது நன்றாகப் படவில்லை.

வியாழக்கிழமை மாலை நகரசபை மண்டபத்தின் கடைசி வரிசையில் இம்மாகுலேற் இருந்தாள். பக்கத்தில் பொன்னம்பலம், இன்னும் ஆறேழு பேர். அவர்களுக்கு வாக்கு இல்லை. பேசவும் முடியாது. முன்னால் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார்.

“பூங்காவுக்கு எதிராக எழுத்தில் ஆட்சேபணை எதுவும் சபைக்குக் கிடைக்கவில்லை.”

“என்ன சொல்லுறான் பிள்ளை?” என்றார் பொன்னம்பலம்.

அவளுக்கு மொழிபெயர்க்க வாய் வரவில்லை.

“இருக்கட்டும் விடு,” என்றார் அவர். “அவன்ரை முகத்திலையே தெரியுது.”

கைகள் உயர்ந்தன. பிரேரணை நிறைவேறியது.

மார்கழி முடியுமுன் பரண் காலியானது. ஆட்கள் பெட்டிகளோடு சிதறினார்கள். சிலர் ஆர்ஜொந்தெய்க்கு. சிலர் சென் தெனிக்கு. ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். தவரத்தினம் பதினான்காம் நாள் காலையில் காணாமற்போனான். எங்கே என்று இம்மாகுலேற் கேட்கவில்லை. தெரிந்தால் ஒருநாள் மொழிபெயர்க்க வேண்டி வரும்.

ஜனவரியில் ஜெர்மேன் அம்மாவுக்கு நிமோனியா. வழக்குத் தொடங்கவே இல்லை. பெப்ரவரியில் லாயத்தை இடித்தார்கள். மூன்றாம் மாடி ஜன்னலுக்கு முதன்முறையாக வெயில் வந்தது. திறக்க ஆள் இல்லை.

1988 வைகாசி.

பூங்காத் திறப்பு விழா. நாடா, பித்தளை வாத்தியம், பேச்சு. வேலைக்குப் போகும் வழியில் இம்மாகுலேற் வேலியோரம் நின்றாள். துணி விலகியது. பெயர்ப் பலகை தெரிந்தது.

*மார்செல் பூங்கா.*

அவள் இரண்டு தரம் வாசித்தாள். இந்தப் பூங்கா வரக்கூடாது என்று செத்தவரின் பெயர். “இந்த மண்ணை நேசித்தவர்,” என்று ஒலிபெருக்கி சொன்னது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

பச்சை மேலங்கி போட்ட நாலைந்து தொழிலாளர்கள் புதிதாக நட்ட மரமொன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்தான்.

தவரத்தினம்.

மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான். மேலங்கியில் குத்தியிருந்த அட்டையில் வேறு பெயர்: பொன்னம்பலம்.

“அக்கா,” என்றான் உதடு அசையாமல். “அண்ணை லண்டனுக்குப் போயிட்டார். அவரின்ரை கார்த்திலைதான் என்ரை பிழைப்பு ஓடுது. நிண்டு பாக்காதேங்கோ, நடவுங்கோ.”

நடக்க முடியவில்லை. தோளில் ஒரு கை.

இன்ஸ்பெக்டர் ரேமண்ட்.

விழாவுக்குப் பாதுகாப்பாக வந்திருந்தார். இன்னும் பருத்திருந்தார். அவர் பார்வை அவளைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, தாடி முகத்தில் நின்றது. அட்டையை வாசித்தது. மறுபடி முகத்துக்கு வந்தது.

மண்வெட்டி நின்றது. வாத்தியம் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

“மதாம்,” என்றார் மெதுவாக, “இவர் பெயரைக் கேளுங்கள்.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். “தம்பி... உன்ரை பேர் கேக்கிறார்.”

தவரத்தினம் மண்வெட்டிப் பிடியை இரண்டு கையாலும் இறுக்கினான். ஓட இடமில்லை. சுற்றிவர புதிய வேலி.

“பொன்னம்பலம்,” என்றான்.

“பொன்னம்பலமாம், ஐயா,” என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார். மேடைப் பக்கம் திரும்பினார். நாலு அடி போய் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், மதாம். இந்தத் தடவை யார் வந்து எதைக் கேட்டாலும், தயவுசெய்து ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று.”